முக்கில் நிற்கிறவள்

ஆவரங்குறிச்சி அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் அழுவதை விட்டுவிட்டு வையத் தொடங்கிய வருஷம், மழை பொய்த்துப்போய், கிணறுகளில் வாளி தரை தட்டி, ஊரே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த வருஷமாக இருந்தபடியால், பிள்ளைகளும் அப்படியே பிறந்ததில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் வைதது ஓர் ஆட்டோக்காரரின் மகள். தலை வந்து, தோள் வந்து, வழுக்கிக்கொண்டு உடம்பும் வந்து, எமல்டா சிஸ்டர் அதைக் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும், அது கண்ணைக்கூடத் திறக்காமல் வாயைத் திறந்து, எமல்டா சிஸ்டரின் குரலிலேயே, அந்தக் கரகரப்பு, அந்த இழுவை எல்லாம் உட்பட, “வாய மூடுளா மூதி, ஊரையா கூட்டுத?” என்றது. எமல்டா சிஸ்டர் அதைத் துடைத்துத் தராசில் போட்டாள். “பொட்டப்புள்ள” என்று வெளியே சொல்லியனுப்பிவிட்டு, டீ வந்துவிட்டதா என்று கேட்டாள். ‘கேட்டாங்க’ என்று மரியாதை போட்டுச் சொல்லத்தான் வேண்டும், வார்டு இன்சார்ஜ் ஆயிற்றே. ஆனால் வாய் வரமாட்டேன் என்கிறது, ‘கேட்டாள்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து பிறந்ததெல்லாம் அப்படித்தான். தலை வெளியே வருகிற அந்த நேரத்தில் காதில் எது விழுகிறதோ, யார் குரலில் விழுகிறதோ, அதுதான் பிள்ளைக்கு முதல் மூச்சு, பசித்தாலும் அதே பேச்சு, துணி நனைந்தாலும் அதே பேச்சு, பல் முளைக்கிறவரைக்கும் அந்த ஒன்றுதான். பெற்றவள் குரல் ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். அவள் வாயைத்தான் திறக்க விடமாட்டார்களே! “வாய மூடிக்கிட்டு முக்கு, சத்தம் போட்டா புள்ள மேல ஏறிரும்” என்பது அந்த வார்டின் சட்டம், யார் போட்ட சட்டமோ தெரியாது.

இதையெல்லாம் முக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சந்தனமாரி. நர்ஸிங் ஸ்கூலில் படிக்கிற பிள்ளை, பிரசவ வார்டுக்கு டூட்டி போட்டு அனுப்பியிருந்தார்கள், அவளோடு ஜெபக்கனி என்கிற கூட்டாளியும். அந்த வார்டில் ஓடுகிற சொல் ஒன்றே ஒன்றுதான். டேபிளில் கிடக்கிறவளுக்கும் “முக்கு”, படிக்க வந்தவளுக்கும் “முக்கு”. கிடக்கிறவளுக்கு அடிவயிற்றை இறுக்கிப் பிள்ளையைத் தள்ளு என்று அர்த்தம், படிக்க வந்தவளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்து மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நில் என்று அர்த்தம். வந்த அன்றைக்கே எமல்டா சிஸ்டர் “முக்கு, முக்கு, இன்னும் நல்லா முக்கு” என்று கத்தியதைச் சந்தனமாரி தன்னைத்தான் விரட்டுகிறாள் என்று நினைத்து, மூலைக்குள் இன்னும் ஒடுங்கி, இன்னும் ஒடுங்கி, கடைசியில் சிலிண்டரைத் தள்ளிக் காலில் போட்டுக்கொண்டாள். வலியில் கிடந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக அவள் தொடையில் ஓர் அடி விழுந்தது.

ஸ்கூலில் மேடம் பிளாஸ்டிக் இடுப்பெலும்புக்குள் பிளாஸ்டிக் பிள்ளையை நுழைத்து எடுத்துக் காட்டி, “தலை தெரியும் நேரத்தில் தாய் முக்கக் கூடாது, வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும், செவிலியர் ஆறுதலாகப் பேச வேண்டும்” என்று வாசித்து, அடிக்கோடு போடச் சொல்லுவார். போட்டார்கள். வார்டில் வந்து பார்த்தால் ஒன்றும் அப்படி இல்லை. கேட்டால் “அது புஸ்தகம், இது வார்டு” என்று ஆயாவிலிருந்து டாக்டரம்மா வரைக்கும் ஒரே பதில். வார்டில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தரமாட்டார்கள். டீ வாங்கப் போகிற போக்கில், ரத்தப் பேசினை எடுக்கக் குனிகிற குனிவில், க்ளவுஸ் கழுவிக் காயப்போடுகிற சாக்கில், கண்ணால் திருடிக்கொள்ள வேண்டியதுதான். சந்தனமாரி திருடினாள். எமல்டா சிஸ்டரின் மணிக்கட்டு எப்போது மடங்குகிறது, பெற்றவளின் கால் விரல்கள் எப்போது சுருளுகின்றன, மேலுதட்டில் எப்போது வேர்வை பூக்கிறது, “ரெண்டுக்கு வருது சிஸ்டர்” என்று அவள் சொன்னால் கக்கூஸுக்கு அனுப்பாமல் டேபிளில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே திருடியதுதான். ஹாஸ்டலுக்கு வந்து, ஜெபக்கனியின் பழைய சாக்ஸுக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, அதன் வாய் வழியாக வெளியே பிதுக்கிப் பழகுவார்கள். அவசரமாய்ப் பிதுக்கினால் நூல் பட்டென்று அறும். உள்ளங்கையை வைத்து மெதுவாய் விட்டால் ஒரு நூல் அறாது. ஜெபக்கனிக்குப் பொறுமை கிடையாது, அவள் சாக்ஸ் எல்லாம் வாய் கிழிந்து கிடந்தன.

ஆனால் டேபிள் பக்கம் போக விட்டார்களா? அதற்குக் குரல் வேண்டும். “கொரல் இல்லாதவ எங்கிட்ட வரப்படாது. கையி அப்புறம். மொதல்ல கொரலு” என்பாள் எமல்டா சிஸ்டர். அவளுடைய படிப்பு அதுதான். யார் நன்றாக வைகிறாளோ அவளுக்குத்தான் க்ளவுஸ். ஜெபக்கனிக்குப் பிறந்ததிலிருந்தே குரல், வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளை பிடிக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் பிடித்ததெல்லாம் அவள் குரலில் “சும்மா கெட சனியனே” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயின. சந்தனமாரிக்கோ தொண்டையில் சத்தமே வராது, பக்கத்தில் நின்றாலும் கேட்காத குரல். ஒரு பிள்ளையைக்கூடக் கையில் வாங்காமல் படிப்பை முடித்துவிட்டால் தன்னை யார் பிள்ளைப்பேறு பார்க்கிறவள் என்று சொல்லுவார்கள்? அந்த நினைப்பு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். ஊர் பழகிக்கொண்டது! ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கிற அப்பன்மார் “ஆணா பொண்ணா” என்று கேட்பதை விட்டு “என்ன சொல்லிச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொன்ன சொல்லை வைத்தே தெருவில் பிள்ளைகளுக்கு அடையாளம், கத்தாத ராசா, மூதி செல்வி, கால அகட்டு கணேசன் என்று. வடக்குத் தெருவில் ஒரு பிள்ளை, “படுக்கும்போது இனிச்சுது, இப்ப கசக்குதோ?” என்று சொல்லிக்கொண்டு வந்தது. அந்த வீட்டு மாமியாருக்குப் பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தைவிட, மருமகளிடம் இத்தனை நாளாய்த் தான் கேட்க நினைத்ததைப் பேரனே கேட்டுவிட்டான் என்கிற சந்தோஷம். வேண்டுமென்றே பால் கொடுக்க லேட் பண்ண வைத்து, அவன் கேட்பதை நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தாள்.

பாத்திரக்கடை முதலாளி ஒருத்தர், தன் மருமகளுக்கு வலி எடுத்ததும், “எங்க வீட்டுப் புள்ள நல்ல வார்த்த சொல்லிக்கிட்டுத்தான் வரணும், சொல்லிட்டேன்” என்று எமல்டா சிஸ்டரை மிரட்டிவிட்டுப் போனார். எமல்டா சிஸ்டரும் காலையிலிருந்தே “மகாலட்சுமி வந்தாச்சு, மகாலட்சுமி வந்தாச்சு” என்று பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சரியாகத் தலை எட்டிப் பார்க்கிற நேரத்தில் கை பழக்கத்தில் தொடைக்குப் போயிற்று, கை போன பின்னாடியே வாயும் போயிற்று. “கால அகட்டுளா எருமமாடே” என்று சொல்லிக்கொண்டு வந்தாள் மகாலட்சுமி. முதலாளி டாக்டரம்மாவிடம் போய்க் குதித்தார்.

டாக்டரம்மா அன்றைக்கே போர்டு எழுதி மாட்டிவிட்டார், ‘பிரசவ அறையில் யாரும் பேசக் கூடாது’ என்று. எல்லார் மூஞ்சியிலும் மாஸ்க். கைச்சாடையில் வேலை நடந்தது. அந்த அமைதியில் பிறந்த ஆண்பிள்ளை ஒன்று, நன்றாகப் பிறந்தது, கையும் காலும் முழுசாய் இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மூச்சு விடவில்லை. கண்ணைத் திறந்து, எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. முதுகைத் தேய்த்தார்கள், பாதத்தைச் சுண்டினார்கள், மூக்கில் குழாயை விட்டு உறிஞ்சினார்கள், அது நீலம் பாரித்துக்கொண்டே காத்திருந்தது. பதற்றத்தில் ஆயா கையிலிருந்த பேசின் நழுவி அவள் காலிலேயே விழ, “எழவு!” என்று கத்தினாள். “எழவு” என்றது பிள்ளை, உடனே சிவந்தது. பிழைத்ததே என்று தூக்கிக்கொண்டு போனார்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதெல்லாம் அது தொட்டிலிலிருந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. போர்டைக் கழற்றிவிட்டார்கள். என்னத்தையாவது சொன்னால்தான் பிள்ளைக்கு மூச்சு, சொல்லத் தெரிந்தது வசவுதான், ஆகவே வசவே சரி என்று ஊரும் டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டார்கள்.

சந்தனமாரி குரல் தேடப் போனாள். ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, ஜெபக்கனி வாத்தியார், இவள் மாணவி.

“மூக்குல இருந்து வருதுளா. வயித்துல இருந்து எடு.”

“என்னன்னு வைய?”

“எதிர்ல கெடக்கவள ஒன் ஜென்ம எதிரின்னு நெனச்சுக்கோ. தன்னால வரும். எனக்கு எங்க பெரியம்மா மூஞ்சி வரும்.”

சந்தனமாரிக்கு யார் மூஞ்சியும் வரவில்லை. பிறகு ஒரு நாள் எமல்டா சிஸ்டரின் மூஞ்சியையே நினைத்துக்கொண்டாள், அப்போது வந்தது பாருங்கள் ஒரு குரல், குழாய்த் தண்ணீர் சத்தத்தையும் தாண்டி வாசல் வரைக்கும் போயிற்று. யாரை நினைத்து எடுத்த குரலோ, அது போய் விழுந்தது உலகம்மாள் என்கிற பீடி சுற்றுகிற பெண்ணின் மேல். வலி நின்று நின்று வந்து அவள் அசந்து கிடந்தபோது, சந்தனமாரி மூலையிலிருந்தே, “ஒன் வயித்துல கெடக்கது புள்ளையா, கல்லா?” என்று ஒரு போடு போட்டாள். எமல்டா சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “வா, க்ளவுஸ் போடு” என்றாள்.

சந்தனமாரிக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. தலை வந்தபோது இன்னொரு தரம் அதையே கேட்டாள். அவள் கையில் சூடாக, வழுவழுவென்று, கனமாக வந்து விழுந்த பிள்ளை, அவளுடைய குரலிலேயே, “ஒன் வயித்துல கெடக்கது புள்ளையா, கல்லா?” என்றது. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவளுக்கு அதுவரை தெரியாது. உலகம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்தாள், பார்த்தும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் கேசரி கிண்டினார்கள்.

அதன்பிறகு அவள் எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்தாள், எத்தனையோ விதமாக வைதாள், புதுசு புதுசாக வேறு. ஜெபக்கனியே பொறாமைப்படுகிற அளவுக்கு வாய் நீண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாங்க டவுன் பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். “சந்தைப்பேட்டை ஒண்ணு குடுங்கண்ணே” என்றாள் கண்டக்டரிடம். சொல்லி வாயை மூடவில்லை, முன் சீட்டிலிருந்து அதே குரல், அவள் குரல், “ஒன் வயித்துல கெடக்கது புள்ளையா, கல்லா?” என்று கேட்டது. கண்டக்டர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். பஸ்ஸே பிள்ளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்த உலகம்மாள் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிச் சந்தனமாரியைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பிள்ளையை அவள் மடியில் போட்டாள்.

“கேக்குதுல்லா? பதில் சொல்லு.”

“யக்கா, நான் வந்து...”

“நான் ராத்திரி பகலா கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்குப் பதில் தெரியல. ஒங்கொரல்தான, ஒனக்குத் தெரியும்லா. சொல்லு.”

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பக் கேட்டது. பஸ்ஸில் ஒரு பயல் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், “ஓஹோ, இவதானா அது” என்றாள், இன்னொருத்தி “எம்புள்ள சொல்லுததும் இவ கொரல் மாதிரிதான் இருக்கு” என்றாள். சந்தனமாரிக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சந்தைப்பேட்டை வருவதற்கு முன்னாடியே இறங்கி, வெயிலில் நடந்தாள். வழியில் தண்ணீர் கேட்கக்கூட அவளுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

அதற்கடுத்து அவள் பார்த்த பிரசவம் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற பேச்சியம்மாளுடையது. திடமான பெண், மண் மிதித்து மிதித்துக் காலெல்லாம் முறுக்கேறியவள். அவள் கத்தக் கத்த எமல்டா சிஸ்டர் தொடையில் சாத்தினாள். “வாய மூடிக்கிட்டு முக்குளா!” பேச்சியம்மாள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு முக்கினாள். தலைமயிர் தெரிந்தது. சந்தனமாரி உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தாள். வாயில் வசவு தயாராக வந்து நின்றது. அதைக் கடித்து விழுங்கினாள். விழுங்கிவிட்டால் போதுமா? யாராவது ஏதாவது சொல்லாவிட்டால் பிள்ளை நீலம் பாரிக்குமே, எமல்டா சிஸ்டர் வேறு அடுத்த கத்தலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறாளே, நல்லதாய் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று சந்தனமாரி தனக்குள் துழாவினாள், ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை நாளில் அப்படியொன்றை அந்த வார்டில் யாரிடமிருந்தும் அவள் திருடியிருக்கவில்லை, இல்லாததை எங்கே திருட? அப்போது அடிக்கோடு போட்டது ஞாபகம் வந்தது.

“யக்கா, முக்காதிய” என்றாள். “வாயத் தொறங்க. தொறந்து மூச்ச விடுங்க.”

“ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு?” என்று கத்திக்கொண்டே எமல்டா சிஸ்டர் தொடையில் ஒன்று போட்டாள்.

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். மூச்சு மட்டுமா வந்தது? சூளையில் மேஸ்திரியிடம் மூடியது, வீட்டில் புருஷனிடம் மூடியது, இங்கே வந்து டேபிளில் மூடியது, எல்லாம் சேர்ந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, “இன்னொரு அடி அடிச்ச, கைய ஒடிச்சிருவேன்!” என்று வந்தது. அந்தச் சத்தத்தோடு தலை மெல்ல மெல்ல, சாக்ஸிலிருந்து எலுமிச்சம்பழம் வருகிற மாதிரி, ஓர் இடம் கிழியாமல் சந்தனமாரியின் உள்ளங்கைக்குள் வந்தது. பிள்ளை எமல்டா சிஸ்டரைப் பார்த்தது. பெற்றவள் குரலில், “இன்னொரு அடி அடிச்ச, கைய ஒடிச்சிருவேன்” என்றது. எமல்டா சிஸ்டர் தூக்கிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தையல் போட வேண்டியிருக்கவில்லை. ஊசியையும் நூலையும் எடுத்து வைத்திருந்த ஜெபக்கனி அதைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

“க்ளவுஸக் கழத்து” என்றாள் எமல்டா சிஸ்டர். “இனி நீ இந்த வார்ட விட்டுப் போறவரைக்கும் முக்குதான் ஒனக்கு. போ.”

சந்தனமாரி போய் நின்றாள். டீ வாங்கினாள், பேசின் கழுவினாள், நின்றாள். ஜெபக்கனி அவளோடு பேசுவதை நிறுத்தினாள், “ஒன்னால எனக்கும் முக்கு கெடைக்கும், தள்ளிப் படு” என்று பாயை நகர்த்திக்கொண்டாள். செங்கல் சூளையிலோ பேச்சியம்மாள் பிள்ளையை மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள், அதற்குப் பசிக்கும்போதெல்லாம் மேஸ்திரி கையை மடக்கிக்கொள்கிறான் என்று பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் தங்கள் தங்கள் பேச்சை இப்போதே யோசித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். அது தெரிந்ததும் எமல்டா சிஸ்டர் டேபிளில் ஏறுகிறவர்களின் பல்லிடுக்கில் பஞ்சைச் சுருட்டி வைக்க ஆரம்பித்தாள். பஞ்சும் ஜெயித்தது. பிள்ளைகள் பழையபடி எமல்டா சிஸ்டர் குரலிலேயே வைதன, சந்தனமாரி மூலையில் நின்று தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு தலையும் இந்தக் கைக்கு வராது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது, அழுகை வந்தது, அழுதால் அதற்கும் வசவு விழும் என்று விழுங்கினாள்.

எமல்டா சிஸ்டருடைய மகள் ஷைனி பிரசவத்துக்கு வந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் இருந்தாள், “பெத்தவ நான் இருக்கும்போது எவகிட்டயோ போறதாக்கும்” என்று எமல்டா சிஸ்டர்தான் இழுத்து வந்தாள். அன்றைக்கு வேறு யாரையும் கிட்டே விடவில்லை. மகளின் நெற்றியைத் துடைத்தாள். தன் மகளுக்காவது நல்லதாக எதையாவது சொல்ல வேண்டுமென்று அவள் உதடு கிடந்து துடித்ததைச் சந்தனமாரி மூலையிலிருந்து பார்த்தாள். “எம் மக்கா” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அதற்குமேல் போக அந்த வாய்க்கு வழி தெரியவில்லை. தலை தெரிந்தது. கை தன்னால் எழுந்தது, “முக்குளா மூ...” என்று வாயும் பின்னாடியே வந்தது.

ஷைனி தன் வாயிலும் வைத்திருந்த பஞ்சைத் துப்பினாள். “நீ வேண்டாம்!” என்று அலறினாள். “முக்குல நிக்கவளக் கூப்புடு!”

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. எமல்டா சிஸ்டரின் கையில் கிடந்துகொண்டு, அவள் முகத்தை உற்றுப் பார்த்து, “முக்குல நிக்கவளக் கூப்புடு” என்றது.

எமல்டா சிஸ்டர் துடைத்தாள், முதுகைத் தட்டினாள், துணியில் சுற்றினாள், மகளின் நெஞ்சோடு வைத்தாள், மார்பைக் கொடுக்கச் சொன்னாள். அது மார்பை வாங்காமல் தலையைத் திருப்பி, “முக்குல நிக்கவளக் கூப்புடு” என்றது. ஆயா வாசலில் வந்து நின்றாள். ஜெபக்கனி சாமானை அடுக்குகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டில் நின்ற மருமகன் “என்ன சொல்லிச்சு, என்ன சொல்லிச்சு” என்று கத்தினான். பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னது, ஒவ்வொரு தரமும் மூச்சு வாங்கிச் சொன்னது. சந்தனமாரி அசையவில்லை. கூப்பிட வேண்டியவள் கூப்பிடட்டும் என்று நின்றாள்.

எமல்டா சிஸ்டர் க்ளவுஸைக் கழற்றி டேபிளில் எறிந்தாள்.

“காது அவிஞ்சு போச்சாளா? ஒன்னத்தான கூப்புடுது. வந்து தொல!”

சந்தனமாரி வந்து, கையைக் கழுவி, பிள்ளையை வாங்கினாள். அது பேச்சை நிறுத்தியது. அவள் குனிந்து ஷைனியிடம், “வலிக்குதாக்கா?” என்று கேட்டாள். கொப்பூழ்க்கொடியைப் பார்க்க வேண்டும், நஞ்சுக்கொடி விழ வேண்டும், வேலை கிடந்தது. டேபிளைச் சுற்றி ஆட்கள் நெருக்கியதில் எமல்டா சிஸ்டருக்கு நிற்க வேறு இடம் இல்லை, அவள் போய் ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில், முக்கில் நின்றாள்.